அணங்கு என்னும் பழஞ்சொல்லும் ஆழ்வார் அருளிய பொருளும்

பொதிய மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் பொருநை என்னும் தாமிரபரணி, தமிழ் வளர்த்த நதி என்று ஆன்றோரால் போற்றப்படுவது. அதன் இரு கரைகளிலும் நவதிருப்பதிகள் விளங்குகின்றன. அவற்றுள் திருக்குருகூர் என்னும் ஆழ்வார்திருநகரி, திருவாய்மொழி அருளிய நம்மாழ்வாரின் திருவவதாரத் தலமாகும். பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த இத்திருத்தலம் 1986-ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. திருவிழாக் காலங்களில் கோஷ்டியார் சேவிக்கும் பாசுரங்களைச் செவிமடுக்கும் அன்பர்கள், அவற்றில் வரும் சில பழஞ்சொற்களை இக்காலப் பொருளிலேயே கொண்டு கடந்து செல்வதுண்டு. அத்தகைய சொற்களுள் ஒன்று 'அணங்கு' என்பது.

இன்று அணங்கு என்றவுடன் அழகிய பெண் என்ற பொருளே நினைவுக்கு வருகிறது. கவிதைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இச்சொல் அப்பொருளிலேயே வழங்கி வருகிறது. ஆயின், இதன் பழம்பொருள் உள்ளம் நடுங்கச் செய்வதாகும். காரணம் தெரியாமல் மனிதனைத் தாக்கி, அவன் உடலிலும் உள்ளத்திலும் புகுந்து, அவனைத் தன்வசம் இழக்கச் செய்யும் ஆற்றலையே முன்னோர் இப்பெயரால் குறித்தனர். அந்தப் பொருளை அறியாதவர்க்குத் திருவாய்மொழி நான்காம் பத்தின் ஆறாம் திருவாய்மொழி பாதியளவே விளங்கும். அறிந்தவர்க்கோ, ஆழ்வார் இச்சொல்லைக் கொண்டு நிகழ்த்திய அருஞ்செயல் முழுமையும் விளங்கும்.

சொல்லின் பழம்பொருள்

அணங்கு என்பது பெயராகவும் வினையாகவும் வரும். அணங்குதல் என்றால் வருந்துதல். வருத்துதல் என்றும் பொருள்படும். பெயராக வருமிடத்து வருத்தம், நோய், அச்சம், வருத்தும் தெய்வம், தெய்வமகள், தெய்வமேறி ஆடும் ஆட்டம், அழகு எனப் பல பொருள்கள் அகராதிகளில் காணப்படுகின்றன. ஒன்றோடொன்று ஒட்டாதனபோல் தோன்றும் இப்பொருள்கள் யாவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையே. தாக்குவதும் அணங்கு, தாக்கப்பட்டவர் படும் துன்பமும் அணங்கு, அத்துன்பத்தைத் தீர்க்க ஆடும் ஆட்டமும் அணங்கு. காண்பவர் நெஞ்சைத் தாக்கி நிலைகுலையச் செய்வதால் அழகும் அணங்காயிற்று.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வகுக்கப்பட்டுள்ளன. அவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவனாகிய அரசன் என்பன. புலியைக் கண்டால் ஓடலாம். கள்வனைக் கண்டால் கூவலாம். அரசன் சினந்தால் அடிபணியலாம். இம்மூன்றும் கண்ணுக்குப் புலனாவன. முதலில் நிறுத்தப்பட்ட அணங்கு மட்டும் கண்ணுக்குப் புலனாகாமல் வந்து தாக்குவது. பழைய உரைகாரர் பேய், பூதம் முதலானவற்றை இதன்கண் அடக்கிக் காட்டினர்.

திருக்குறளிலும் இவ்வச்சப் பொருள் மறையவில்லை. காமத்துப்பாலின் முதல் அதிகாரமாகிய நூற்றொன்பதாம் அதிகாரத்திற்குத் 'தகையணங்குறுத்தல்' என்று பெயர். தலைவியின் அழகு தலைவனைத் துன்புறுத்துதல் என்பது அதன் கருத்து. அவ்வதிகாரத்தின் இரண்டாம் குறளில் 'தாக்கணங்கு' என்ற சொல் வருகிறது. தாக்கி வருத்தும் தெய்வம் என்பது அதன் பொருள். பொருட்பாலில் வரைவின் மகளிரைப் பற்றிக் கூறுமிடத்தும், வஞ்ச மகளிரின் கூட்டுறவு ஆராய்ந்தறியும் அறிவில்லாதார்க்கு அணங்காகும் என்கிறார் வள்ளுவர். ஓரிடத்தில் அழகின் வலிமையைக் கூறவும், ஓரிடத்தில் அழிவின் வலிமையைக் கூறவும் ஒரே சொல் பயன்படுவதை நோக்குதல் வேண்டும்.

அணங்கு உறையும் இடங்கள்

சங்கப் புலவர்கள் அணங்கு உறையும் இடங்களாகச் சிலவற்றைக் குறிப்பர். அகநானூற்றின் 22-ஆம் பாடல் உயர்ந்த மலையை அணங்குடையது என்கிறது. அந்நூலின் 207-ஆம் பாடல் கடலை அவ்வாறு கூறுகிறது. புறநானூற்றின் 299-ஆம் பாடல் முருகன் கோட்டத்தை அணங்குடையது என்கிறது. மலையுச்சி, ஆழ்கடல், தெய்வம் உறையும் கோட்டம் ஆகிய மூன்றும் மனிதன் தன் சிறுமையை உணரும் இடங்கள். அங்கே அவன் கால் தயங்குகிறது, குரல் தாழ்கிறது. அந்தத் தயக்கத்திற்குரிய காரணத்தையே முன்னோர் அணங்கு என்றனர்.

பெண்மையோடும் இவ்வாற்றல் சேர்த்துப் பேசப்பட்டது. சிலப்பதிகாரத்தில், சிலம்பேந்திச் சினத்துடன் வந்து நின்ற கண்ணகியைப் பாண்டியனுக்கு அறிவிக்கும் வாயிற்காவலன், கொற்றவை முதலான தெய்வங்களின் பெயர்களை வரிசையாகக் கூறுகிறான். இறைவனை ஆடச் செய்த அணங்கும் அவ்வரிசையில் ஒருத்தி. நீதி தவறிய அரண்மனையின் வாயிலில் நின்ற ஒரு பெண்ணைக் கண்ட காவலனுக்கு அழகு நினைவுக்கு வரவில்லை. அச்சமே நினைவுக்கு வந்தது.

இச்சொல்லின் பொருள் குறித்து இருபதாம் நூற்றாண்டில் அறிஞரிடையே ஒரு விவாதமும் எழுந்தது. அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் 1975-இல் வெளியிட்ட பழந்தமிழ்ப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூலில், அணங்கு என்பது ஒரு புனித ஆற்றல் என்றும், அது சிறப்பாகப் பெண்களிடம் உறைவதாகக் கருதப்பட்டது என்றும் எழுதினார். வி. எஸ். ராஜம் அவர்கள் 1986-இல் வெளியிட்ட ஆய்வுரையில் இதனை மறுத்து, இச்சொல்லின் பல பொருள்களைப் பெண்மையின் ஆற்றல் என்ற ஒன்றுக்குள் சுருக்குதல் பொருந்தாது என்று எடுத்துக் காட்டினார். மலையும் கடலும் கோட்டமும் அணங்குடையன என்று கூறப்படுவதை நோக்கினால், இம்மறுப்பின் வலிமை புலப்படும்.

வேலனும் வெறியாட்டும்

அணங்கு தாக்கியது என்று கருதப்பட்ட இல்லத்தில் நிகழ்வது வெறியாட்டு. தலைவி ஒருத்தி மலைநாட்டுத் தலைவன்மேல் காதல் கொள்கிறாள். அது பிறர்க்குத் தெரியாது. அவள் உண்ணாள், உறங்காள், மேனி பசலை பாய்கிறது, வளை கழல்கிறது. தாய் கலங்குகிறாள். குறி சொல்லும் கட்டுவிச்சி அழைக்கப்படுகிறாள். அவள் நெல்லைப் பரப்பி எண்ணிப் பார்த்து, முருகனால் வந்த நோய் என்கிறாள். வேலன் வருகிறான். களம் இழைக்கப்படுகிறது, வேலுக்கு மாலை சூட்டப்படுகிறது, பலி தூவப்படுகிறது, பறை முழங்க வேலன் ஆடுகிறான்.

இக்காட்சியைப் பாடிய புலவர்களுள் காமக்கண்ணியார் என்ற பெண்பாற் புலவர் சிறந்தவர். வெறியாட்டைப் பாடிய சிறப்பால் வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே அவர் பெயர் வழங்கலாயிற்று. முன்னர்க் குறித்த அகநானூற்று 22-ஆம் பாடல் அவர் இயற்றியதே. அப்பாடல் மலையை அணங்குடையது என்று தொடங்குகிறது. பின்னர்த் தலைவியை வருத்தியது எது என்று கூறுமிடத்தில், தலைவனின் மார்பு 'அணங்கிய' துன்பம் என்கிறது. வேலன் ஆடிய அன்றிரவே தலைவன் வந்து சேர, தலைவியின் நோய் நீங்குகிறது. நோய் நீங்கியது வெறியாட்டினால் என்று ஊரார் கருதுவர். தலைவியோ அதை எண்ணி நகைக்கிறாள்.

வேலனிடமும் முருகனிடமும் தோழி உண்மையை எடுத்துக் கூறி வெறியாட்டைத் தடுத்தலை 'வெறிவிலக்கு' என்பர். நற்றிணையின் 34-ஆம் பாடலில், தன்னால் வந்த நோய் அன்று என்று அறிந்தும் வெறிக்களத்திற்கு வந்த முருகனையே தோழி அறியாமை உடையவன் என்று கடிந்து பேசுகிறாள். தெய்வத்தின் முன்னிலையிலும் உண்மையைக் கூறத் தயங்காத துணிவு அவளுடையது.

வேல் வழிபாடு பொருநைக் கரையில் மிகப் பழமையானது என்று கருதற்குச் சான்று உண்டு. ஆழ்வார்திருநகரிக்கு அண்மையில், அதே ஆற்றங்கரையில் உள்ள ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் 1876-இல் ஜெர்மானியர் ஜாகோரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்து பார்த்தனர். முதுமக்கள் தாழிகளோடு இரும்பு வேல்களும், வெண்கலத்தால் ஆன சேவல் உருவங்களும், பொன்னால் ஆன நெற்றிப் பட்டங்களும் கிடைத்தன. இவற்றை முருக வழிபாட்டோடு தொடர்புபடுத்திய வரலாற்றறிஞரும் உளர். அந்தப் பழமை நிறைந்த மண்ணிலேதான் ஆழ்வார் அவதரித்தார் என்பது எண்ணத்தக்கது.

சடகோபர் அருளிய வெறிவிலக்கு

திருவாய்மொழி நான்காம் பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியில் ஆழ்வார் எம்பெருமானின் பெருமையைப் பாடிப் பேரானந்தம் அடைகிறார். அடுத்து வரும் ஆறாம் திருவாய்மொழியில் அந்த ஆனந்தம் பிரிவுத் துயராக மாறுகிறது. ஆழ்வார் பராங்குச நாயகியாகி மயங்கிக் கிடக்க, பேசுபவள் தோழி, கேட்பவர்கள் அன்னைமார். காட்சி முழுவதும் பழைய வெறிக்களமே. கட்டுவிச்சி உண்டு, கள்ளும் இறைச்சியும் உண்டு, கருஞ்சோறும் செஞ்சோறும் உண்டு, முழவு உண்டு, துணங்கைக் கூத்து உண்டு. அணங்கு, அணங்காடுதல் என்ற சொற்கள் பாசுரந்தோறும் என்னுமளவு மீண்டும் மீண்டும் வருகின்றன.

தோழி முதலில் செய்வது நோயைக் கண்டறிதல். இது 'நன்னோய்' என்கிறாள். பாரதப் போரில் ஐவர்க்குத் தேரோட்டியவனிடம் இவள் சிந்தை சென்றுவிட்டது. அதனாலேயே மயங்குகிறாள் என்கிறாள். அன்னைமார் ஆடி அழைக்கும் 'இளந்தெய்வம்' இந்நோய்க்குக் காரணம் அன்று. காரணமானது மிகப் பெருந்தெய்வம் என்று தெளிவுறுத்துகிறாள். ஆழ்வாரின் திருவிருத்தத்திலும் இவ்வாறே வேலனை நிறுத்திப் பேசும் பாசுரம் ஒன்று உண்டு.

பின்னர் மருந்து கூறுகிறாள். இவள் செவியில் படும்படி சங்கு என்றும் சக்கரம் என்றும் சொல்லுங்கள். துளசி மாலை அணிந்த பெருமானின் திருவடிகளை வாழ்த்துங்கள். அவன் திருநாமத்தைச் சொல்லி வெண்பொடி இடுங்கள். அவன் அடியார்களின் திருவடித் தூளியை அணியுங்கள். வேதம் வல்ல அடியார்களை வணங்குங்கள். கூறப்பட்ட மருந்துகளில் விலை கொடுத்து வாங்கத்தக்கது ஒன்றும் இல்லை. ஓர் உயிரை வதைத்துப் பெறத்தக்கதும் ஒன்றும் இல்லை.

ஏழாம் பாசுரத்தில் தோழி கூறும் உவமை, வயல்சூழ் பொருநைக் கரையில் வாழ்வார்க்கு நன்கு விளங்கும். உலர வைத்திருக்கும் நெல்லைக் கழுதை தின்றுகொண்டிருக்கிறது. நெல்லுக்கு உரியவர்கள் அதை விரட்டாமல், கழுதையின் உதடு ஆடும் அழகைப் பார்த்து நின்றால் என்ன பயன்? பெண்ணின் உயிர் கரைந்துகொண்டிருக்கும்போது அன்னைமார் வெறியாட்டில் ஈடுபட்டிருப்பது அத்தகையது என்கிறாள். நோயாளி ஒருபுறம் தளர, சடங்கு ஒருபுறம் நடக்கும் இல்லங்கள் எக்காலத்தும் உண்டு. தோழியின் சொல்லில் உள்ள வேகம் அவற்றையெல்லாம் நோக்கிப் பேசுகிறது.

இரு கூற்றும் ஒன்றாதல்

சங்கப் பாடலோடு இத்திருவாய்மொழியை ஒப்பிட்டு நோக்கினால் ஒரு நுட்பம் புலனாகும். அங்கே வேலன் கூறியது, நோய்க்குக் காரணம் தெய்வம் என்பது. தோழி அறிந்தது, நோய்க்குக் காரணம் காதலன் என்பது. தெய்வம் வேறு, காதலன் வேறு ஆதலின் ஒருவர் சொல் மெய்யானால் மற்றவர் சொல் பொய்யாக வேண்டும். ஆகவே வேலன் பொய்த்தான், தோழி வென்றாள்.

ஆழ்வாரின் திருவாய்மொழியிலோ, நாயகியின் காதலனே தெய்வம். எனவே, இது தெய்வத்தால் வந்தது என்று கூறுவதும் மெய். காதலால் வந்தது என்று கூறுவதும் மெய். அன்னைமாரின் பிழை அணங்கு உண்டென்று கருதியதில் இல்லை. அது எவருடையது என்று அறியாததில் உள்ளது. தோழியும் அந்தச் சொல்லைத் தள்ளிவிடவில்லை. அன்னைமார் ஆடும் ஆட்டத்தையும் அணங்கு என்கிறாள். தலைவி உற்ற நோயையும் அணங்கு என்றே கூறி, அதற்குரிய மருந்தைச் சொல்கிறாள். அச்சத்திற்குரிய சொல் அவ்விடத்திலேயே பக்திக்குரிய சொல்லாகிவிடுகிறது.

தோழி ஏன் இதனை அறிந்தாள், அன்னைமார் ஏன் அறியவில்லை என்று வினவலாம். அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் அருளிய ஆசார்ய ஹ்ருதயம் இதற்கு வழி காட்டுகிறது. தோழி, தாய், மகள் என்ற மூவரும் ஆழ்வாரின் ஞானநிலைகளே. ஆன்மாவுக்கும் பரமனுக்கும் உள்ள உறவை உணர்தல் தோழி நிலை. அவனே உபாயம் என்று துணிதல் தாய் நிலை. பலனை அடையப் பதறுதல் மகள் நிலை. உறவை அறிந்தவளே நோயின் காரணத்தையும் அறிவாள். ஆதலின் வெறிவிலக்கு அவள் வாயினின்று வந்தது.

பிற தெய்வங்களை வைது பேசுதல் இங்குக் கருத்தன்று. கற்புடைய தலைவிக்குத் தலைவன் ஒருவனே என்பது போல, ஒருவனிடம் ஒப்புவிக்கப்பட்ட உயிருக்கு வேறிடத்தில் தீர்வு இல்லை என்பதே கருத்து. பத்தாம் பாசுரத்தில் தோழி, இவள் அவனை அன்றி வேறொரு தெய்வத்தை நினைத்துத் தொழமாட்டாள் என்று முடிவாகக் கூறுவதும் இதனையே வலியுறுத்தும்.

தாயின் ஐயமும் திருவிழாவின் ஒலியும்

திருவாய்மொழியில் தோழியின் கூற்றாக அமைந்தவை மூன்று. தாயின் கூற்றாக அமைந்தவை ஏழு. தாயின் கூற்றுகளுள் ஐந்தாம் பத்தின் ஆறாம் திருவாய்மொழி இங்குக் கருதத்தக்கது. மகள், கடல் சூழ்ந்த உலகைச் செய்தவளும் நானே, அதனை அளந்தவளும் நானே என்றெல்லாம் பேசுகிறாள். இப்பேச்சைக் கேட்டு வியந்த தாய், உலகத்துக்கு ஈசன் இவள்மேல் வந்து 'ஏறக்கொலோ' என்று வினவுகிறாள். ஏறுதல் என்ற இச்சொல்லை நெல்லை நாட்டார்க்கு விளக்க வேண்டுவதில்லை. கொடை விழாக்களில் ஒருவர் தம்மை மறந்து ஆடும்போது, அவர்மேல் சாமி ஏறிற்று என்று இன்றும் கூறுவர். நான்காம் பத்தில் கட்டுவிச்சியின் சொல்லை நம்பிய தாய், ஐந்தாம் பத்தில் ஏறியவன் எவன் என்பதைத் தானே உணரத் தொடங்குகிறாள்.

ஆறாம் பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியில் மீண்டும் தோழி பேசுகிறாள். அது பொருநையின் வடகரையில் உள்ள தொலைவில்லிமங்கலம், அதாவது இரட்டைத் திருப்பதியைப் பற்றியது. அன்னைமார்களே, விழா ஒலி நிறைந்த அவ்வூருக்கு இவளை அழைத்துச் சென்றவர்கள் நீங்களே. அன்றே இவள் உங்கள் கையைவிட்டு அகன்றாள். இனி இவள்மேல் வைத்த ஆசையை விட்டுவிடுங்கள் என்பது அவள் கூற்றின் சாரம். முன்னோர் மலையிலும் கடலிலும் அணங்கு தாக்கும் என்று அஞ்சினர். ஆழ்வாரின் நாயகியைத் தாக்கியது திருக்கோயிலின் விழா ஒலி. தேரும் திருமாலையும் காணச் சென்ற பெண், திரும்பி வரும்போது பழைய பெண்ணாக இல்லை.

இங்கு மற்றொன்றும் நோக்கற்பாலது. நான்காம் பத்தில், சங்கு சக்கரம் என்ற சொற்களை அவள் செவியில் சொல்லுமாறு மருந்தாகத் தோழி கூறினாள். இத்திருவாய்மொழியின் முதற்பாசுரத்தில், சங்கு என்றும் சக்கரம் என்றும் தானே சொல்லிக் கண்ணீர் மல்க நிற்கிறாள் தலைவி. அங்கே மருந்தாகக் கூறப்பட்ட சொல்லே இங்கே நோயின் அடையாளமாக இருக்கிறது. இந்நோய்க்கு மருந்தும் நோயும் ஒன்றே. ஆதலின் இது தீர்வதும் இல்லை. தீர வேண்டுவதும் இல்லை.

திருமங்கையாழ்வாரும் இத்துறையில் ஈடுபட்டவர். சிறிய திருமடலில் வரும் கட்டுவிச்சி, சுளகில் நெல்லைச் சிதறிக் குறி பார்த்து, ஆயிரம் திருநாமம் உடையவனே காரணம் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள். திருநெடுந்தாண்டகத்திலும், கடல்வண்ணர் செய்த செயல் இது என்று கட்டுவிச்சி கூறியதாகத் தாய் உரைக்கும் பாசுரம் உண்டு. அரையர் சேவையில் இதனை அபிநயித்துக் காட்டுவது 'முத்துக்குறி' எனப்படும். அரையர் ஒருவரே தாயாகவும் மகளாகவும் கட்டுவிச்சியாகவும் நின்று, முத்துக்களைப் பரப்பிக் குறி கண்டு, நோய்க்குக் காரணமானவன் எம்பெருமானே என்று வெளியிடுவார். பழைய வெறிக்களத்தின் நெல்லும் கட்டும் இவ்வாறு திருமுன்பே நிகழும் சேவையாக மாறின.

பேயும் பூதமும்

அணங்கைப் போன்றே அச்சம் தரும் வேறு இரு சொற்களும் வைணவ மரபில் உயர்வு பெற்றன. முதலாழ்வார் மூவருள் ஒருவர் பேயாழ்வார். எம்பெருமானிடம் கொண்ட பேரன்பால் பேய் பிடித்தார்போல் தம்மை மறந்து ஆடியும் பாடியும் திரிந்தமையால் அவருக்கு அப்பெயர் வந்தது என்பர் பெரியோர். குலசேகரப் பெருமாளும் பெருமாள் திருமொழியின் மூன்றாம் திருமொழியில், உலகத்தார்க்குத் தாம் பேயனாகத் தோன்றுவதை ஒப்புக்கொண்டு, அரங்கனுக்கே பித்தனானதைப் பெருமையாகக் கூறுகிறார். முடிசூடிய மன்னர் ஒருவர் தம்மைப் பேயன் என்று கூறிக்கொள்வதற்கு எத்தகைய துணிவு வேண்டும்!

நம்மாழ்வாரோ மேலும் ஒரு படி சென்றார். ஐந்தாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியில், கலியின் வலிமை கெடும்படி உலகெங்கும் நிறைந்து, பாடியும் ஆடியும் திரியும் திருமாலடியார்களைக் கடல்வண்ணனுடைய 'பூதங்கள்' என்றே குறிப்பிடுகிறார். ஊரார் கண்டு அஞ்சி விலகிய கூட்டத்தின் பெயர், ஊரை வாழ்விக்க வந்த கூட்டத்தின் பெயராயிற்று. மூன்று சொற்களிலும் நிகழ்ந்தது ஒன்றே. மனிதன் தன்வசம் இழத்தல் என்ற நிலையை ஆழ்வார்கள் அப்படியே ஏற்றுக்கொண்டு, எவன் வசமாதல் வேண்டும் என்பதை மட்டும் திருத்திக் காட்டினர்.

பிற்கால வழக்கு

காலம் செல்லச் செல்ல அணங்கு என்னும் சொல்லில் அச்சம் குறைந்து அழகு மிகுந்தது. தெய்வமகள் என்ற பொருளும் அழகிய பெண் என்ற பொருளும் நிலைத்தன. மனோன்மணீயம் என்ற நாடக நூலை 1891-இல் வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897), அதன் தமிழ்த்தெய்வ வணக்கத்தில் தமிழை அணங்கு என்று விளித்தார். அவர் நெல்லை இந்துக் கல்லூரியில் பணியாற்றியவர். அவ்வணக்கத்தின் ஒரு பகுதியை 1970-இல் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021-இல் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 1990-இல் நெல்லையில் தோன்றிய பல்கலைக்கழகமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மலைமேல் மறைந்திருந்து தாக்கிய ஒன்றின் பெயரைத் தாய்மொழிக்கே சூட்டும் நிலைக்குத் தமிழர் வந்தனர். பள்ளிச் சிறுவரும் இன்று அச்சொல்லை அஞ்சாமல் பாடுகின்றனர்.

ஆயினும் பழம்பொருள் முற்றிலும் மறைந்தது என்று கூறுதற்கில்லை. மொழியின்மேல் கொண்ட பற்று ஒருவனைத் தன்னை மறக்கச் செய்யுமாயின், அங்கே பழைய அணங்கின் ஆற்றலே உள்நின்று இயங்குகிறது எனலாம்.

அன்பர்கள் கொள்ளத்தக்கது

ஆற்றங்கரைத் திருத்தலங்களுக்கு வருவோரிற் பலர் இல்லத்தில் ஏதேனும் ஒரு துயரைச் சுமந்தே வருகின்றனர். காரணம் விளங்காமல் வாடும் மகள், யாரோடும் பேசாத மகன், உறக்கம் இழந்த முதியவர் என அத்துயர் பலவகை. அவர்க்குத் தோழியின் சொல் ஒரு நெறியைக் காட்டுகிறது. முதலில் நோயின் காரணத்தை நிதானமாக அறிதல் வேண்டும். அஞ்சியவர் எவர் சொல்லையும் நம்புவர். அறிந்தவர் உரிய மருந்தை நாடுவர். உடல் நோயாயினும் மனநோயாயினும் அதனை மருத்துவரிடம் காட்டுதலே கடமை. பேய் என்றும் காற்று என்றும் கூறி நோயுற்றவரை அடித்தலும் கட்டிவைத்தலும் அன்புடையார் செய்யும் செயல் அல்ல. வாடிய பெண்ணை வருத்தும் எதனையும் தோழி ஒப்பவில்லை என்பதை நினைவில் கொள்ளுதல் தகும்.

மற்றொரு நோயும் உண்டு. திருவிழாவில் எம்பெருமானைக் கருடாரூடனாகச் சேவித்த ஒருவர், இல்லம் திரும்பிய பின்னும் அத்திருவுருவை மறக்க இயலாமல் தவிப்பாராயின், அஃது ஆழ்வார் கூறிய நன்னோய். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. அடியார் கூட்டத்தில் சேர்ந்து அவன் திருநாமத்தைச் சொல்லுதலே அதற்குரிய செயல். வைகாசித் திருநாளில் நவதிருப்பதிப் பெருமாள்களும் ஒருசேரக் கருடசேவை சாதிக்கும் திருக்குருகூர் வீதியில், பாடியும் ஆடியும் செல்லும் பெருங்கூட்டத்தை நோக்குவோர்க்கு, கடல்வண்ணன் பூதங்கள் எவை என்பது விளங்கும்; அணங்கு என்ற பழஞ்சொல்லின் பொருளும் விளங்கும்.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.